கோப்பும் கல்லும்

நம் ஓய்வுபெற்ற அலுவலர் சங்க மலருக்கு, நிறைவாழ்வு வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தார்கள். பெரியோர் ஆணையை மறுக்கும் வழக்கம் எனக்கில்லை. குடும்பம், உத்தியோகம், பொழுதுபோக்கு, பொதுத்தொண்டு என்னும் நான்கும் ஒருவரிடத்தில் முரணின்றி அமைவது அரிது. அப்படி அமைந்தவராக என் நெஞ்சில் முதலில் நிற்பவர் ஐராவதம் மகாதேவன். 1930 அக்டோபர் 2ஆம் நாள் திருச்சிக்கு அருகே மண்ணச்சநல்லூரில் பிறந்து, 2018 நவம்பர் 26 அன்று சென்னையில் மறைந்தவர்.

1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்ததும், 1980இல் விருப்ப ஓய்வு பெற்றதும், 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராக வீற்றிருந்ததும் நம் உறுப்பினர்கள் அறிந்தவையே. கோப்புகளோடு கழிந்த ஆண்டுகளைப் பற்றி நமக்குள் நாமே சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? கோப்பை மூடிவைத்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதே என் பொருள்.

கரூருக்கு அருகே வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. உச்சியில் பாலசுப்பிரமணியர் எழுந்தருளியிருக்கிறார். வழியில், பாறைச் சரிவின் அடியில், சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் அவற்றை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. புகழூர்க் கல்வெட்டுகள் என்று நூல்களில் பேசப்படுபவை இவைதாம். நீலகண்ட சாஸ்திரியார் போன்ற மூதறிஞர்களின் ஊக்கத்தால் கல்வெட்டுத் துறைக்குள் வந்த மகாதேவன், 1965இல் இங்கே சேர மன்னர் மூவரின் பெயரைப் படித்து அறிவித்தார். யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய துறவிக்கு, இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது வெட்டிக் கொடுத்த கல் அது. அவன் தந்தை பெருங்கடுங்கோன். பாட்டன் ஆதன் சேரல் இரும்பொறை. இம்மூவரையும் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு அவர் பொருத்திக் காட்டினார். கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் பாடிய அந்த மரபு ஏட்டில் மட்டும் இருந்தது போய்க் கல்லிலும் கிடைத்தது. புலவர் கற்பனை என்று சங்க நூல்களை ஒதுக்கியவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேறு உண்டா? மதுரைப் பக்கத்து மாங்குளத்துக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரையும் அவர் உறுதிசெய்தார். அந்தக் கல்வெட்டுகளை இராபர்ட் சீவெல் 1882இலேயே கண்டிருந்தார். கண்ணில் பட்டதற்கும் படித்து முடித்ததற்கும் இடையில் எண்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். பிராகிருதம் படித்த அறிஞர்கள் இவற்றையும் பிராகிருதமாகவே படிக்க முயன்றார்கள். இவை தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. புள்ளியிட்டு ஒற்றைக் காட்டும் வழக்கம் வருவதற்கு முன், ஓர் எழுத்தை ‘க’ என்பதா, ‘க்’ என்பதா? மிகப் பழைய கல்வெட்டுகளில் குறி எதுவும் இல்லாத எழுத்து ஒற்றாகும்; பக்கத்தில் சிறு கோடு சேர்ந்தால்தான் உயிர்மெய். பிந்திய கல்வெட்டுகளில் இந்த ஒழுங்கு மாறுகிறது. கடைசியில் தொல்காப்பியர் சொல்லும் புள்ளியே வந்து குழப்பத்தைத் தீர்க்கிறது. இந்த முறைகளைப் பிரித்து வகைப்படுத்தியது மகாதேவனின் பெருங்கொடை. பத்திரிகைப் பணியை விட்டபின், அறுபதைக் கடந்த வயதில், மறுபடியும் குன்றுகள்தோறும் ஏறிக் கல்வெட்டுகளை நேரில் சரிபார்த்தார். அந்த உழைப்பின் பயனாக 2003இல் ஹார்வர்டு கீழைத்தேய நூல்வரிசையில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அதன் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

சிந்துவெளி எழுத்திலும் அவர் நெடுங்காலம் உழைத்தார். நேரு ஆய்வுநல்கை பெற்று, 417 குறிகளை வகைப்படுத்திக் கணினித் துணையோடு தொகுத்த அடைவு 1977இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அந்த எழுத்தின் மொழி திராவிடமே என்பது அவர் கருத்து. ஆயினும் முழுவதும் படித்துவிட்டதாக அவர் ஒருபோதும் முரசறையவில்லை. ஆண்டுக்கு ஒருவர் ‘படித்துவிட்டேன்’ என்று கிளம்பும் நாட்டில் இந்த அடக்கத்தை நான் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு மேலாகவே வைப்பேன். வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறாரே!

அலுவலர்கள் தமிழுக்கு உழைப்பது புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கணக்குத் துறையிலும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய வி. கனகசபைப் பிள்ளை அஞ்சல் துறை அதிகாரி. சம்பளம் தந்த நாற்காலி எது என்று இன்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

குடும்பத்தில் மகாதேவனுக்குப் பெருந்துயர் வந்தது. இளமையிலேயே மறைந்த மகனின் பெயரால் அவர் கல்வி அறக்கட்டளை நிறுவினார். துயரத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்பாக்கிய அந்த மனத்தை வணங்குகிறேன். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007இல் தொடங்கிய சிந்துவெளி ஆய்வு மையத்துக்கும் அவரே வழிகாட்டி.

அவர் படித்த கற்களில் வேந்தர்கள் மட்டும் இல்லை. அழகர்மலையில் உப்பு வணிகனும் கொழு (ஏர்முனை இரும்பு) வணிகனும் அறுவை (துணி) வணிகனும் துறவிகளுக்கு ஈந்தவர்களாக நிற்கிறார்கள். புகழூரில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் இருக்கிறான். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் நெடுமான் அஞ்சி, 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டெடுத்த ஜம்பைக் கல்வெட்டில் துறவிகளுக்குக் குகைப்பள்ளி ஈந்தவனாக வருகிறான். எத்தனை போர் வென்றான் என்ற பேச்சே அங்கில்லை. ஈந்ததை மட்டும் சொல்கிறது கல்.

ஓய்வூதியம் வாங்கும் நண்பர்களே, முருகனை வழிபட ஆறுநாட்டார் மலைக்குப் போகிறவர்கள் பேரப்பிள்ளைகளைக் கற்படுக்கைகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள். எழுத்தின் மேல் கரியோ சாயமோ பூசிப் பெயர் கிறுக்குபவர்களைக் கண்டால் அன்போடு தடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் குன்றில் எழுத்துபோல் ஏதேனும் தெரிந்தால், கைவைக்காமல் படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். மனு எழுதும் கலையில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?