தமிழ்ப் பட்டக் கல்வி தோன்றிய முறை

புதியதொரு பட்டப் படிப்பினை வகுக்க முனைவோர் முதற்கண் பாடத்திட்டத்தையே எழுதத் தொடங்குவர். தமிழ்க் கல்வியின் வரலாறோ வேறொரு முறையைக் காட்டுகின்றது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. எனினும், 1902-இல் அதன் பாடத்திட்டத்தினின்றும் தமிழை நீக்கும் கருத்து எழுந்தது. பரிதிமாற்கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து நின்று தமிழின் இடத்தைக் காத்தனர்.

பல்கலைக்கழகத்துள் நிலை இவ்வாறிருக்க, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று தேர்வுகளை வகுத்தது. கலாசாலையும் நூல்நிலையமும் ‘செந்தமிழ்’ இதழும் உடன் அமைந்தன. பட்டமளிக்கும் உரிமை ஒன்றே ஆங்கு இல்லை. பட்டத்திற்கு வேண்டுவன பிற யாவும் இருந்தன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தோன்றிற்று. 1931-இல் ஆங்குத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், மதுரைச் சங்கப் பண்டிதத் தேர்விலும் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டத் தேர்விலும் தேறியவர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றதும் அவரையே. பழம்புலமையும் புதுக்கல்வியும் ஒருவரிடத்தே கூடியமையின், துறை தலைநிமிர்ந்தது.

இவ்வுண்மை இன்றும் பயன்படுவதாகும். திருவண்ணாமலைக் கோயிலில் சோழர், விசயநகர வேந்தர் காலக் கல்வெட்டுகள் பல உள. இந்நகரிற் கல்வெட்டியற் பட்டப் படிப்பொன்று வகுக்கப்பெறின் நன்றே. ஆயின், படிகளும் நூல்நிலையமும் முதலில் அமைக. கல்வெழுத்துப் படிக்க வல்ல ஆசிரியர் அடுத்து அமைக. பாடத்திட்டம் அவற்றின்வழி எழுதப்பெறுக. ஆசிரியரின்றி எழுதப்பெறும் பாடத்திட்டம் மாணவர்க்குப் பட்டத்தை அளிக்கும், கல்வியை அளியாது.