வெறுங்கூட்டு நிலை (பேராக் தோட்டக் குடும்பங்கள்)

கடைசிப் பிள்ளையும் படிப்பு, வேலை, திருமணம் காரணமாக வீட்டைவிட்டுச் சென்றபின் பெற்றோர் தனித்து வாழும் குடும்பக் கட்டம். மருத்துவம் இதை நோயாக வகைப்படுத்துவதில்லை. மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் இதைத் தனிமை என்று மட்டும் சொல்வது போதாது. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்தது. பெற்றோர் ஓய்வுபெற்றபின் ஒரு பிள்ளையாவது பால்மரம் வெட்டினால்தான் பொதுவாகக் குடும்பம் அங்கே தங்க முடிந்தது. கடைசிப் பிள்ளை புறப்பட்டால் வீடும் கைவிட்டுப் போகும் நிலை இருந்தது. மலாயா விடுதலை பெற்ற 1957ஐ ஒட்டித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதும், பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்ததும் இளையோரை ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் நோக்கி நகர்த்தின. பெற்றோர் சிலர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளில் குடியேறினர். 2010இல் தொடங்கிய ஈப்போ–கோலாலம்பூர் மின்ரயில் சேவை வார இறுதி வருகையை எளிதாக்கியது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் மட்டும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்குச் செல்ல, தந்தை ஈப்போவிலேயே தங்கும் ஏற்பாடும் உண்டு.