அணுகுதன்மைத் தணிக்கை

அணுகுதன்மைத் தணிக்கை என்பது ஓர் இணையத்தளத்தையோ நகர்பேசிச் செயலியையோ மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றிப் பயன்படுத்த இயலுமா எனச் சோதித்து, அதிலுள்ள தடைகளைப் பதிவு செய்யும் ஆய்வு ஆகும். அரசுச் சேவைகளைப் பொறுத்தவரை இவ்வாய்வு வெளியீட்டுக்கு முன்னர் நடைபெற்றதா, பின்னர் நடைபெற்றதா என்பது முதன்மையான வினாவாகும். வங்கிக்கோ கடைக்கோ மாற்று உண்டு. அரசுத் தளத்திற்குப் பெரும்பாலும் மாற்று இல்லை.

கோவின் தளம்

இதற்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு கோவின் தளம். கோவிட்-19 தடுப்பூசித் திட்டத்துக்காக 2021 சனவரியில் இது பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது இணையவழிப் பதிவு கட்டாயமாக இருந்தது. 2021 மே 31 ஆம் நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம் அத்தளத்தின் குறைகளைச் சுட்டியது: கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை, வயது, தடுப்பூசி வகை போன்ற வடிகட்டிகள் திரைவாசிப்பானுக்கு ஏற்றவையாக இல்லை, விசைப்பலகையை மட்டும் கொண்டு தளத்தில் உலவுவது கடினம். கோவின், ஆரோக்கிய சேது இரண்டையும் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. ஆனால் அதற்குள் கோடிக்கணக்கானோர் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர்.

சோதிக்கும் முறை

உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டல்களே பன்னாட்டு அளவுகோல் ஆகும். சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வண்ண வேறுபாடு வேண்டும் என்பது போன்ற விதிகளை மென்பொருளே சரிபார்த்துவிடும். ஆயினும் ஒரு படத்துக்கு "படம்1" என மாற்றுரை இட்டாலும் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். கேட்பவருக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. எனவே சுட்டியைத் தொடாமல் விண்ணப்பத்தை முடித்துப் பார்ப்பதும், என்விடிஏ போன்ற திரைவாசிப்பானால் கேட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

சோதிப்போர் யார் என்பதும் முக்கியமானது. சென்னை கோட்டூர்புரத்தை எடுத்துக்கொள்வோம். 2010 இல் அங்கே திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உள்ளது. மூளை முடக்குவாதம் உள்ளோருக்காக 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் நிறுவனமும் அப்பகுதியிலேயே உள்ளது. பார்வையற்ற வாசகர் திரையைக் காதால் கேட்கிறார். கை நடுக்கம் உள்ளவர் பெரிய பொத்தானையோ தனி விசையையோ நாடுகிறார். ஒருவருக்குப் பொருந்தும் பக்கம் மற்றவருக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

தமிழுக்கே உரிய சிக்கல்களும் உள்ளன. பழைய எழுத்துருக் குறிமுறைகளில் அமைந்த பக்கம் திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. ஒளிவருடிப் படமாக ஏற்றப்படும் அரசாணையில் வாசிக்க எழுத்தே இருக்காது. பக்கத்தின் மொழி தமிழ் எனக் குறிக்கப்படாவிடில் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும்.

சட்ட நிலை

இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டல்கள் 2009 இல் வெளிவந்தன. 2023 இல் வந்த மூன்றாம் பதிப்பு செயலிகளையும் உள்ளடக்கியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணுத் தகவல்களின் அணுகுதன்மையைக் கோருகிறது. ஆனால் அதன் கீழ் அமைந்த 2017 ஆம் ஆண்டு விதிகளில் 15(1) ஆம் விதி, தரங்களை வெறும் பரிந்துரைகளாக்கிவிட்டது எனக் கூறி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புக்குள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. அமில வீச்சால் கண்கள் பாதிக்கப்பட்ட அவர், கண் சிமிட்டிக் காட்டும் வாடிக்கையாளர் சரிபார்ப்பை நிறைவேற்ற இயலாததால் வழக்குத் தொடுத்திருந்தார். குறித்த கால இடைவெளியில் தணிக்கை வேண்டும் என்றும், புதிய செயலி, தளம் அல்லது வசதியின் பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றோரைச் சேர்க்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது.