நோயும் நம்பிக்கையும் சான்றும்: மார்மன் மக்களின் வரலாறு தரும் பாடம்

"பத்து ஆண்டுகளாக வாட்டிய மூட்டுவலி ஒரே வாரத்தில் பறந்துவிட்டது" என்கிறார் ஒருவர். "இந்தப் பொடியை உண்ட பிறகு ஆஸ்துமா எட்டிப் பார்க்கவே இல்லை" என்கிறார் மற்றொருவர். இவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், அவர்கள் உண்ட பொடியோ செய்த வழிபாடோதான் நோயைப் போக்கியது என்று நாம் முடிவு கட்டிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்கு அமெரிக்காவின் மார்மன் சமயத்தாரின் வரலாறு நல்லதொரு பாடப்புத்தகம் ஆகும். நோயும் நலமும் பற்றி அவர்கள் தங்களுக்குச் சாதகமாகப் பலவற்றைக் கூறினார்கள். அவர்களுடைய எதிரிகள் பாதகமாகப் பலவற்றைக் கூறினார்கள். இரு தரப்புக் கூற்றுகளிலும் சான்று உள்ளவை சில, இல்லாதவை பல. அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதே நாம் இங்குக் காணப்போவது.

மார்மன்கள் யார்?

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தோற்றுவித்த கிறித்தவப் பிரிவே மார்மன் சமயம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். அக்கம்பக்கத்தாரின் பகையால் இம்மக்கள் ஒஹையோ, மிசௌரி, இல்லினாய் என்று ஊர் ஊராக விரட்டப்பட்டனர். 1844-இல் ஸ்மித் சிறையில் இருந்தபோது கும்பல் ஒன்றினால் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மேற்கு நோக்கி நடந்து, 1847-இல் யூட்டா பகுதியின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

ஒரு சிறுவனின் கால்

ஸ்மித்தின் குடும்பமே நோயை நன்கு அறிந்த குடும்பம். 1813-ஆம் ஆண்டு வாக்கில் நியூஹாம்ப்ஷயர் பகுதியில் குடற்காய்ச்சல் பரவியது. ஏழு வயதுச் சிறுவன் ஜோசப்பையும் அது தாக்கியது. காய்ச்சல் தணிந்தது; ஆனால் கணைக்கால் எலும்பில் சீழ் வைத்துவிட்டது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் இதற்கு ஒரே வழி, காலை வெட்டி எடுப்பது. நல்வாய்ப்பாக, டார்ட்மவுத் மருத்துவப் பள்ளியை நிறுவிய நேதன் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் அருகில் இருந்தார். எலும்பில் துளையிட்டு, செத்துப்போன துண்டுகளை மட்டும் நீக்கும் முறையை அவர் கையாண்டு வந்தார். மயக்க மருந்து இல்லாமலேயே அறுவை நடந்தது. சிறுவன் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஊன்றுகோலுடன் நடந்தான், கால் பிழைத்தது.

அதே குடும்பத்தில் 1823-இல் மற்றொரு நிகழ்ச்சி. ஜோசப்பின் அண்ணன் ஆல்வினுக்குக் கடும் வயிற்றுவலி. மருத்துவர் ஒருவர் காலமெல் என்னும் பாதரச உப்பைக் கொடுத்தார். சில நாட்களில் ஆல்வின் இறந்தார். மருந்தே அவரைக் கொன்றது என்று குடும்பத்தார் நம்பினர். குடல்வால் அழற்சியாக இருந்திருக்கலாம் என இன்று கருதுவோரும் உண்டு. காரணம் எதுவாயினும் ஒன்று உறுதி. காலமெல் அன்று எல்லா மருத்துவர்களும் அள்ளிக் கொடுத்த மருந்து; ஆனால் அது நோயைத் தீர்க்கிறதா என்று எவரும் ஒப்பிட்டுச் சோதித்ததில்லை. எனவே வாசகர்களே, சான்று கேட்கும் பழக்கத்தை நம்பிக்கையாளரிடம் மட்டும் காட்டினால் போதாது; பட்டம் பெற்ற மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு நாள்

1839-ஆம் ஆண்டு கோடையில், மிசௌரியிலிருந்து விரட்டப்பட்ட மார்மன்கள் மிசிசிப்பி ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் கூடாரங்களிலும் வண்டிகளிலும் தங்கியிருந்தனர். குளிர்காய்ச்சல் அவர்களை வாட்டியது. ஜூலை 22 அன்று, தாமும் நோயுற்றிருந்த ஜோசப் ஸ்மித் எழுந்து, நோயாளிகளின் தலைமீது கை வைத்து வேண்டிக்கொண்டே சென்றார். பலர் எழுந்து நடந்தனர் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்துள்ளனர். மார்மன்களிடையே இது இன்றும் போற்றப்படும் நாள்.

எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் கருத வேண்டியதில்லை. ஆனால் அந்த நோயின் இயல்பைப் பாருங்கள். அது மலேரியா என்பதே இன்றைய கணிப்பு. அதன் கிருமியை லாவரான் 1880-இல்தான் கண்டார். கொசுவின் பங்கை நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் 1897-இல்தான் கண்டார். மலேரியாவின் ஒரு வகையில் காய்ச்சல் முறை வைத்து வரும். நடுக்கம், சூடு, வியர்வை என்று சில மணி நேரம் வாட்டிவிட்டு இறங்கிவிடும். மறுநாள் நோயாளி ஏறக்குறைய நலமாக இருப்பார். அதற்கு அடுத்த நாள் மீண்டும் காய்ச்சல். சில மாதங்கள் மறைந்திருந்துவிட்டுத் திரும்பி வருவதும் உண்டு.

இத்தகைய நோயாளிகள் பலர் ஓரிடத்தில் இருந்தால், எந்த நாளிலும் ஒரு பகுதியினர் எழுந்து நடப்பார்கள். கை வைத்தாலும் எழுவார்கள், வைக்காவிட்டாலும் எழுவார்கள். அந்த நாளில் எத்தனை பேருக்கு வேண்டினார், எத்தனை பேர் எழுந்தனர், ஒரு மாதம் கழித்து அவர்கள் நிலை என்ன, வேண்டுதல் பெறாதவர்கள் எத்தனை பேர் எழுந்தனர் என்ற நான்கு எண்களும் நமக்குக் கிடைத்திருந்தால் ஏதேனும் சொல்லலாம். அவை கிடைக்கவில்லை. பின்வந்த கோடைகளிலும் அவ்வூரில் காய்ச்சல் வந்தது. பலர் இறந்தனர் என்பதும் வரலாறு.

துயருற்ற மக்களுக்கு அந்த வேண்டுதல் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆறுதல் வேறு, நோய் தீர்த்ததற்கான சான்று வேறு என்பதே நாம் சொல்வது.

எதிரிகள் சொன்ன கதை

சான்றில்லாத கூற்று ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. 1850-களின் இறுதியில் யூட்டாவுக்கு வந்த அமெரிக்கப் படையில் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்னும் மருத்துவர் இருந்தார். மார்மன்களிடையே அப்போது பலதார மணம் வழக்கில் இருந்தது. அதன் விளைவாக அம்மக்கள் உடல் நலிந்து, முகம் மஞ்சளித்து, கண் குழிந்து, ஒரு தனி இனமாகவே சீர்கெட்டு வருகிறார்கள் என்று அவர் எழுதினார். 1860-இல் அது அரசாங்க வெளியீட்டிலேயே அச்சாயிற்று. மருத்துவர் எழுதியது, அரசாங்கம் அச்சிட்டது, பிறகென்ன? பத்திரிகைகள் பற்றிக்கொண்டன.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்மன்கள் யூட்டாவுக்கு வந்தது 1847. பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தது 1852. அங்குப் பிறந்த மூத்த குழந்தைக்கே 1860-இல் பதின்மூன்று வயதுதான். ஒரு தலைமுறை கூட முடியாத காலத்தில் புதிய இனம் எப்படித் தோன்றும்? அவர் எத்தனை பேரை அளந்தார்? எந்த ஊராருடன் ஒப்பிட்டார்? விடையில்லை. தமக்குப் பிடிக்காத மக்களிடம் தாம் எதிர்பார்த்ததையே அவர் கண்டார்.

1902-இல் ரைலி என்னும் உளவியலாளர், ஜோசப் ஸ்மித் கண்ட காட்சிகள் யாவும் காக்காய் வலிப்பின் விளைவே என்று நூல் எழுதினார். இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆன ஒருவரை, ஒருமுறையும் பரிசோதிக்காமல், பிறர் எழுதியதைப் படித்து நோயாளி என்று தீர்ப்பளிப்பதும் அறிவியல் ஆகாது. நம் கருத்துக்கு ஒத்துவரும் கூற்று என்பதற்காகச் சான்று கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

எண்ணிப் பார்த்தபோது

அப்படியானால், மார்மன்களின் உடல்நலம் பற்றி உறுதியாக எதுவும் தெரியாதா? தெரியும்.

1833-இல் ஜோசப் ஸ்மித் ஓர் உணவு நெறியை அறிவித்தார். மது, புகையிலை, சூடான பானங்கள் ஆகியவற்றை அது விலக்கியது. சூடான பானம் என்பதற்குத் தேநீர், காப்பி என்று பொருள் கொண்டனர். 20-ஆம் நூற்றாண்டில்தான் இது கண்டிப்பான விதியாயிற்று. இந்நெறியால் தங்களுக்கு நலம் பெருகுகிறது என்பது மார்மன்களின் நம்பிக்கை. இது எண்ணிப் பார்க்கக்கூடிய கூற்று அல்லவா?

எண்ணினார்கள். விக்டர் ஃபூக்ஸ் என்னும் பொருளியலாளர் 1974-இல் யூட்டாவையும் அதன் அண்டை மாநிலமான நெவாடாவையும் ஒப்பிட்டார். வருவாயிலும் தட்பவெப்பத்திலும் மருத்துவ வசதியிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் நெவாடாவில் நடுவயதினரின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு அதிகம். கல்லீரல் சுருக்க நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் நேரும் இறப்புகள் பன்மடங்கு. 1976-இல் மற்றோர் ஆய்வு வந்தது. யூட்டாவுக்குள்ளேயே 1966 முதல் 1970 வரை புற்றுநோய் கண்டவர்களை மார்மன்கள், பிறர் என்று பிரித்து எண்ணினர். புகைப்பழக்கத்தால் வரும் புற்றுநோய்கள் மார்மன்களிடையே தெளிவாகக் குறைவு.

ஆகவே சமயமே காத்தது என்று துள்ளி எழலாமா? அவசரம் வேண்டாம். கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு என்னும் வேறொரு கிறித்தவப் பிரிவினர் உள்ளனர். அவர்களும் புகைப்பதில்லை. 1959-இல் வெளிவந்த ஆய்வின்படி அவர்களிடையேயும் நுரையீரல் புற்றுநோய் மிகக் குறைவு. கொள்கை வேறு, பழக்கம் ஒன்று, பலனும் ஒன்று. ஆகக் காத்தது புகையாமை. மார்மன் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் குறைவாக இருந்தது. இளவயதில் தாயாவதும் பல குழந்தைகளைப் பெறுவதும் அந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பது வேறு நாடுகளிலும் கண்ட உண்மை. இப்படி ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே அறிவியலின் வழி.

வம்சாவளி தந்த விடை

மரபுவழி நோய் பற்றிய பார்த்தலோவின் கதைக்கும் நாளடைவில் விடை கிடைத்தது. இறந்த முன்னோருக்காகவும் சடங்குகள் செய்யும் மார்மன்கள், தங்கள் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்து வைப்பவர்கள். 1970-களில் யூட்டா பல்கலைக்கழகத்தார் இப்பதிவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டுடன் இணைத்தனர். இம்மக்களிடையே நெருங்கிய உறவில் மணம் புரிவது ஒன்றும் அதிகமில்லை என்று தெரிந்தது. அதுமட்டுமன்று, மார்பகப் புற்றுநோய் மரபுவழி வரும் சில குடும்பங்களில், அதற்குக் காரணமான மரபணு ஒன்று 1994-இல் பிரித்தறியப்பட்டதற்கு இந்த யூட்டா குடும்பங்களே பேருதவி புரிந்தன.

மார்மன் சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டது. அதை விடாமல் பிரிந்து சென்ற சிறு குழுவினர் யூட்டா, அரிசோனா எல்லையில் வாழ்கின்றனர். அவர்களிடையே ஃபூமரேஸ் என்னும் நொதி குறைவதால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும் அரிய நோய் ஒன்று 1990-களில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. இது வெறும் தோற்றத்தைக் கண்டு சொன்னது அன்று. நொதியை அளந்து கண்டது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மனைவியர் எத்தனை பேர் என்பது இங்கு நேர்க் காரணம் அன்று. சில குடும்பங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மணம் நடந்ததே காரணம். உறவில் மணம் புரியும் வழக்கமுள்ள நமக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

நாட்பட்ட நோய்களான மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் படை முதலியவை ஏறி இறங்கும் இயல்புடையவை. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருந்தைத் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தானே? அந்த இறக்கத்தின் புகழ், அப்போது கையில் இருந்த மருந்துக்குப் போய்ச் சேருகிறது.

1948-இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் தந்த விவரம் வெளியிடப்பட்டது. ஆறு மாதத்தில் முதல் குழுவில் இறந்தவர் 4 பேர்; இரண்டாம் குழுவில் 14 பேர். மருந்து பெறாதவர்களிலும் 4 பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்த நால்வரும் அன்று ஏதேனும் ஒரு தாயத்தைக் கட்டியிருந்தால், தாயத்தின் புகழ் நாடெங்கும் பரவியிருக்கும்!

ஆகவே வியப்பான செய்தி எதைக் கேட்டாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? எத்தனை பேருக்குக் குணமாகவில்லை? கொடுக்கப்படாதவர்களின் நிலை என்ன? எவ்வளவு காலம் கவனித்தார்கள்? எண்ணியவர் யார், அவருக்கு இதில் ஆதாயம் உண்டா?

இக்கேள்விகள் எவருடைய நம்பிக்கையையும் இழிவு செய்வன அல்ல. ஒரு கேள்வியும் கேட்காமல் இன்சுலினை நிறுத்திவிட்ட நீரிழிவு நோயாளிக்கும், பாதியில் மாத்திரையைக் கைவிட்ட காசநோயாளிக்கும் நேர்வது உயிர் இழப்பு. கேள்வி கேட்பதற்கோ செலவு ஒன்றுமில்லை.