தீவகமும் மின்சார வண்டியும்

மின்சாரக் காரைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கேள்விகளையே முதலிற் கேட்கின்றனர்: ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? எவ்வளவு விரைவில் மின்னேறும்? தீவகத்தின் வரலாற்றை அறிந்த நாம் மூன்றாவது கேள்வியொன்றையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்: அம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? யாருக்குப் போய்ச் சேருகின்றது?

எரிபொருளின் அருமையை எமது மக்கள் நூல்களிற் கற்றவர்களல்லர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, எமக்கு அது பழகிய துன்பமாகவே தோன்றிற்று.

தூரத்தைப் பொறுத்தவரை அச்சத்திற்கு இடமில்லை. 2015ஆம் ஆண்டளவில் வரிச்சலுகையால் இலங்கையிற் பெருகிய நிசான் லீஃப் காரின் மின்கலம் 24 அலகு கொண்டது. புதிதாயிருக்கையில் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் ஓடக்கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று திரும்ப அதுவே போதும். நெடுந்தீவின் நீளமோ ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அத்தீவில் ஒருநாட் பயணத்திற்கு மூன்று அலகு மின்சாரம் தாராளம். வீட்டுச் செருகியில் இரண்டு மணிநேரத்தில் அது ஏறிவிடும்.

ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவை. படகிலே கொண்டுவரப்பட்ட டீசலே அங்கு மின்சாரமாயிற்று. அத்தகைய மின்சாரத்தில் ஓடும் வண்டி, வேறு பெயர் பூண்ட டீசல் வண்டியேயன்றோ?

இந்நிலையை மாற்றும் திட்டம் வல்லரசுகளின் போட்டிக்களமாயிற்று. 2021இல் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு அது வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, ஆண்டிறுதியிற் சீனத் தரப்பு அதனை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 1,700 கிலோவாற்று சூரிய ஒளி, 530 கிலோவாற்று காற்று, 2,400 அலகு மின்கலச் சேமிப்பு என்பன அதன் அளவுகள். இத்தனை ஆண்டு இழுபறியில் தீவு மக்களின் குரல் எத்துணை மெலிதாய் ஒலித்தது!

அவ்வளவுகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மூன்று தீவுகளின் சேமிப்பு முழுவதும் நூறு லீஃப் கார்களின் மின்கலங்களுக்கு மட்டுமே ஈடாகும். 50 கிலோவாற்று விரைவு மின்னேற்றிகள் பத்து ஒரே வேளையில் இயங்கினால், காற்றாலைகள் முழுவேகத்திற் சுழன்று தரும் மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதுமாய் அவையே விழுங்கிவிடும். பிறகு மாணவனின் விளக்குக்கும், மீனவனின் பனிக்கட்டிக்கும், வைத்தியசாலையின் மருந்துக் குளிர்ப்பெட்டிக்கும் எஞ்சுவது யாது?

ஆதலால் விரைவு எங்கும் முன்னேற்றமாகாது. குறுந்தூரம் ஓடும் தீவுக்கு, நண்பகல் வெயிலில் மெல்ல மின்னேறும் முச்சக்கர வண்டியே பொருத்தமானது. அதற்கு மேலும் ஒன்றுண்டு: நெடுந்தீவு நோயாளிக்குத் தரைவழி சிறிது; கடல்வழியோ ஒரு மணிநேரம். அவ்வழியில் ஓடும் படகை மறந்து காரின் வேகத்தை மட்டும் வியப்பது, வசதி படைத்தோரின் விஞ்ஞானமாகும். எத்தீவில், எவரது தேவைக்கு என்று கேட்கும் விஞ்ஞானத்தையே நாம் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.