தப்பொலியும் தந்தியும்



ஊவா மலைகளின் தெற்குச் சரிவில், அப்புத்தளைக்குக் கீழே அமைந்துள்ளது ஹல்துமுல்லை. அங்கு நின்று நோக்கின், தென்னிலங்கைச் சமவெளி நெடுந்தூரம் விரிந்து கிடப்பதைக் காணலாம். கண் எட்டிய தூரத்தைச் செய்தி எட்டியது எவ்வாறு? அந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே முதலில் அடைந்தன. கொழும்பு அங்கிருந்து சுமார் 72 மைல். கப்பல் கொணர்ந்த செய்தியை விரைவிற் பெற விரும்பிய ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை, 1850ஆம் ஆண்டு முதல் புறாக்களைத் தூது விட்டது. 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக்கம்பி இணைந்தது. புறாக்களின் பணியும் முடிந்தது.

‘தந்தி’ என்பது நம் முன்னோர்க்கு யாழின் நரம்பு. அதே சொல் மின்செய்திக்கும் பெயரானது பொருத்தமே. ஒரு முனையில் சாவியை அழுத்தினால் கம்பியில் மின்சாரம் ஓடும். மறுமுனையிலுள்ள மின்காந்தம் இரும்புத் துண்டை ஈர்த்து ஒலியெழுப்பும். குறுகிய ஒலி புள்ளி, நெடிய ஒலி கோடு. இவ்விரண்டால் எழுத்துகள் அனைத்தையும் அனுப்பிவிடலாம்.

கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் உரிய விலைநிலவரத்தை வணிகர்க்கும் துரைமார்க்கும் இக்கம்பி விரைந்து சொல்லிற்று. 1893இல் அப்புத்தளைக்கு இரயிற்பாதையும் வந்தது. ஆயினும் லயங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குச் செய்தி சொன்னது தப்பு என்னும் பறையே. விடியலில் பிரட்டுக்கு அழைத்ததும் அது. சாவை அறிவித்ததும் அது. கடல் கடந்து தமிழகத்து ஊரிலிருந்து வரும் கடிதமோ தோட்டத்துக் கந்தோர் வழியாகவே அவர்கள் கைக்கு எட்டிற்று. எப்போதேனும் ஒரு தந்தி வந்தால், ஆங்கில எழுத்திலிருந்த அதைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடவேண்டும். பிரிக்குமுன்னரே அழுகுரல் எழுந்துவிடும். தந்தி என்றாலே மரணம் என்று மக்கள் அஞ்சிய காலம் அது.

கம்பியின் காலம் போய், கம்பியில்லாத் தொலைபேசி கைக்கு வந்தது. குறை நீங்கிற்றா? ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மண்சரியும் அபாயம் உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் குடிபெயர மாற்று இருப்பிடம் அமையவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட்காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பல உயிர்கள் மண்ணுள் மறைந்தன.

நேயர்களே, காலியிலிருந்து பறந்த புறா முதல் கைத்தொலைபேசி வரை, மனிதன் தூரத்தை வென்றது உண்மை. ஆனால், செய்தி ஒருவர் செவியைச் சேர்வதோடு அதன் பயணம் முடிந்துவிடுவதில்லை. அதைக் கேட்டவர் எழுந்து சென்று தங்குவதற்குப் பாதுகாப்பான ஓரிடம் இருக்கவேண்டும். அதுவரை, எத்துணை விரைந்து வந்த செய்தியும் பாதிவழியில் நின்ற செய்தியே.