சுளுக்கா, முறிவா? கரண்டைக்கால் வைத்தியத்தின் சிறு வரலாறு



வுழூ செய்யும்போது நாம் கழுவும் கரண்டைக்காலின் இரு பக்கமும் புடைத்துத் தெரிவது, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளின் நுனிகள். படியில் கால் பிரண்டாலும், ஈரமான குளியலறையில் வழுக்கினாலும், மோட்டார் சைக்கிள் சரிந்து காலில் விழுந்தாலும் பெரும்பாலும் முறிவது இந்த நுனிகள்தான். நாமோ "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் பூசி உருவி, இறுக்கிக் கட்டிவிடுகிறோம்.

இறுக்கிக் கட்டுவதன் ஆபத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1037இல் மறைந்த இப்னு ஸீனா, முறிந்த உடனேயே மட்டை வைத்துக் கட்டாமல் ஐந்து நாள் கடந்த பின் கட்டும்படி எழுதினார். வீங்கும் காலை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். இன்றும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலருக்கு வீக்கம் வற்றும்வரை காத்திருந்தே ஒபரேஷன் செய்கிறார்கள்.

1756இல் லண்டனில் பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தார். தன்னைத் தூக்க வந்தவர்களைத் தடுத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கிடத்தியே தன்னைச் சுமக்கச் செய்தார். காலை வெட்ட ஆயத்தமான நிலையிலும் கால் தப்பியது. பின்னர் அவர் விவரித்து எழுதிய கரண்டைக்கால் முறிவு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

1852இல் நெதர்லாந்து இராணுவ வைத்தியர் மத்தெய்சன் பிளாஸ்டர் கட்டை அறிமுகப்படுத்தினார். 1895இல் ரொண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1958இல் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூடிய நிபுணர் குழு, தகடும் ஸ்க்ரூவும் வைத்துப் பொருத்தும் முறையைச் சீர்படுத்தியது. விலகாத முறிவுக்கு இன்று சுமார் 6 வாரம் பிளாஸ்டர் போதும். மூட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் தகடு தேவைப்படும்.

எக்ஸ்ரே வந்தபின் கால் பிரண்ட எல்லோருக்கும் அதை எடுத்தார்கள். பெரும்பாலானோருக்கு முறிவே இருக்கவில்லை. யாருக்கு அவசியம் என்பதற்கு 1992இல் கனடாவின் ஒட்டாவா வைத்தியர்கள் ஒரு விதி தந்தார்கள். கரண்டையில் வலியிருந்து, அந்த எலும்பு நுனியையோ அதன் பின்விளிம்பையோ அமர்த்தும்போது நோகிறதா? அடிபட்ட உடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஆனால் நான்கு எட்டு நடந்துவிட்டால் முறிவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். எலும்பு நொந்தால் அதுவே போதிய காரணம். சீனி வருத்தத்தால் கால் மரத்துப் போனவர்களுக்கு வலியே தெரியாமல் முறிந்திருக்கலாம். அவர்கள் இந்த விதியை நம்பியிருக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஆகவே கால் பிரண்டால் உருவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடத்திப் பார்க்காதீர்கள். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்பினாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டிலுள்ள உம்மா வாப்பாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.